தோற்றுவிட்டதாகத் தெரியும் முடிவாட்டத்தைத் தொடர் செக் மூலம் காப்பாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் சதுரங்கம் கற்கும் தமிழ் மாணவர்களும், போட்டி மண்டபங்களுக்கு வெளியே அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோரும் இந்த விடயத்தைப் பற்றி எழுப்பும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. கட்டங்களைக் குறிக்க, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்றும், கிடைவரிசைகளை வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எழுதியுள்ளேன். பலகையொன்றை அருகில் வைத்துக் காய்களை நகர்த்தியபடி வாசிப்பதே பயன் தரும்.

தொடர் செக் என்றால் என்ன?

ஒருவர் எதிராளியின் அரசனுக்கு இடைவிடாமல் செக் வைத்துக்கொண்டே இருக்க, அந்த அரசனால் எந்த வழியிலும் அச்செக்குகளிலிருந்து விடுபட முடியாமலும், செக் வைப்பவரால் அதைச் செக்மேட்டாக மாற்ற முடியாமலும் இருக்கும் நிலையே தொடர் செக் ஆகும். எதிராளியிடம் எவ்வளவு காய்கள் மிகுதியாக இருந்தாலும், அடுத்த நகர்விலேயே அவர் செக்மேட் செய்யக்கூடியவராக இருந்தாலும், செக்குக்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு எதையும் செய்ய அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே ஆட்டம் சமநிலையில் முடிந்து, தோல்வி என்று எண்ணிய இடத்தில் அரைப் புள்ளி கிடைக்கிறது.

மூன்று தடவை செக் வைத்தால் ஆட்டம் தானாகவே சமநிலை ஆகிவிடுமா?

ஆகாது. இளம் ஆட்டக்காரர்களிடையே மிகப் பரவலாக உள்ள தவறான எண்ணம் இதுதான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிகளில் தொடர் செக் என்ற பெயரில் தனியான சமநிலை விதி எதுவும் இல்லை. தொடர் செக் சமநிலைக்கு இட்டுச் செல்லும் வழிதான். சமநிலையைச் சட்டப்படி உறுதிசெய்வது, ஒரே நிலை மூன்று தடவை தோன்றுதல், 50 நகர்வு விதி (சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் இரு தரப்பும் 50 நகர்வுகள் ஆடுதல்), இருவரும் உடன்படுதல் போன்ற பொது விதிகளே.

எண்ணப்பட வேண்டியவை செக்குகள் அல்ல, நிலைகள். ஒரே வகைக் காய்கள் அதே கட்டங்களில் நிற்க வேண்டும். நகர்த்த வேண்டியவர் அதே ஆட்டக்காரராக இருக்க வேண்டும். கோட்டை கட்டும் உரிமை, பக்கத்துச் சிப்பாயைக் கடந்து வெட்டும் உரிமை உட்படச் சாத்தியமான நகர்வுகள் யாவும் மாறாதிருக்க வேண்டும். இந்த மூன்று தோற்றங்களும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை. இடையில் வேறு நகர்வுகள் வந்திருந்தாலும் எண்ணிக்கை செல்லும். மாறாக, இருபது செக்குகள் வைத்தும் ஒவ்வொரு தடவையும் அரசன் புதிய கட்டத்துக்குப் போயிருந்தால், கோருவதற்கு எதுவும் இல்லை.

பலகையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஓர் உதாரணம் தர முடியுமா?

வெள்ளைக்கு எச்2 இல் அரசன், ஈ3 இல் அரசி, ஜி2 மற்றும் எச்3 இல் சிப்பாய்கள். கறுப்புக்கு ஜி8 இல் அரசன், பி1 இல் அரசி, ஜி7 மற்றும் ஏ2 இல் சிப்பாய்கள். வெள்ளை நகர்த்த வேண்டும்.

கறுப்பின் ஏ2 சிப்பாய் அடுத்த நகர்விலேயே அரசியாகப் போகிறது. அதை வெட்டினால் பி1 இல் உள்ள அரசி திருப்பி வெட்டிவிடும். இந்த நிலையை மாணவர்களுக்குக் காட்டினால், பெரும்பாலானோர் முதலில் ஏ2 சிப்பாயை எப்படி நிறுத்துவது என்றே தேடுகிறார்கள்; அந்தத் தேடலுக்கு விடை இல்லை என்று கண்டதும் கையை விரிக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் பலகையின் மறுபக்கம்.

வெள்ளை தன் அரசியை ஈ8 க்கு நகர்த்திச் செக் வைக்கிறது. கறுப்பு அரசனால் எஃப்8, எஃப்7, எச்8 ஆகிய மூன்றுக்கும் போக முடியாது. மூன்றும் அரசியின் பார்வையில் உள்ளன. ஜி7 இல் அவனுடைய சொந்தச் சிப்பாயே வழியை அடைத்து நிற்கிறது. எஞ்சியது எச்7 மட்டுமே. இப்போது வெள்ளை அரசி எச்5 க்கு வந்து மீண்டும் செக் வைக்கிறது. ஜி6, எச்6 இரண்டும் அரசியின் வசம், எச்8 அதே நெடுவரிசையில் உள்ளது; ஆகவே அரசன் ஜி8 க்குத் திரும்பியே ஆக வேண்டும். மறுபடியும் ஈ8, மறுபடியும் எச்7, மறுபடியும் எச்5. இதற்கு முடிவில்லை.

இங்கே நான் குறிப்பாகச் சுட்டிக்காட்ட விரும்புவது, கறுப்பு அரசி இதைத் தடுக்க முடியாமல் இருப்பதற்கான காரணம். ஈ8 செக்கை மறிக்க எஃப்8 இல் ஒரு காய் வேண்டும். எச்5 செக்கை மறிக்க எச்6 இல் ஒரு காய் வேண்டும். பி1 இலிருந்து அவ்விரண்டு கட்டங்களில் எதற்கும் அரசியால் ஒரே நகர்வில் வர முடியாது. இன்னும் வியப்பான ஒன்றும் உண்டு: ஏ2 சிப்பாய் ஏற்கெனவே ஏ1 இல் அரசியாகிவிட்டதாக வைத்துக்கொண்டு, வெள்ளை நகர்த்தும் முறை என்று கொள்ளுங்கள். இரண்டாவது அரசியாலும் எஃப்8, எச்6 கட்டங்களை எட்ட முடியாது. இரண்டு அரசிகளை எதிர்த்து ஓர் அரசி சமநிலை பெறுகிறது.

அப்படியானால் கிடைக்கிற செக்கையெல்லாம் வைத்தால் போதுமா?

போதாது, இந்தத் தவறினால்தான் காப்பாற்றக்கூடிய ஆட்டங்கள் பல கைநழுவுகின்றன. மேலே சொன்ன அதே நிலையில் வெள்ளை ஈ8 க்குப் பதிலாக ஈ6 இல் செக் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அரசன் எச்7 க்குப் போகிறான். இப்போது எஃப்5 இலோ ஈ4 இலோ செக் வைத்தால், பி1 இலிருந்து எச்7 வரை செல்லும் மூலைவிட்டத்தைக் காத்து நிற்கும் கறுப்பு அரசி அதை வெட்டிவிடும். ஜி6 இலும் அதே கதி. எச்6 இல் அரசனோ சிப்பாயோ வெட்டலாம். அரசியை இழக்காமல் வைக்கக்கூடிய செக் ஒன்றுகூட இல்லை. சங்கிலி அறுந்து, கறுப்புக்கு ஒரு நகர்வு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தன் அரசனுக்குப் பாதுகாப்புத் தேடவோ அரசிகளை மாற்றிக்கொள்ளவோ அந்த ஒரு நகர்வைத்தான் எதிராளி எதிர்பார்த்திருப்பார்.

ஆகவே முதல் செக்கை வைப்பதற்கு முன்பே இரண்டாவதும் மூன்றாவதும் எந்தக் கட்டத்திலிருந்து வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இதுதான். முதலில் எதிரி அரசன் போகக்கூடிய கட்டங்களை மட்டும் எண்ணுங்கள்; அவனது சொந்தக் காய்கள் அடைத்திருக்கும் கட்டங்கள் உங்களுக்கு உதவி செய்பவை. அடுத்து, அரசன் இங்கே நின்றால் ஒரு செக், அங்கே நின்றால் மற்றொரு செக் என்று மாறி மாறி நிற்க உங்கள் காய்க்கு இரண்டு கட்டங்கள் கிடைக்கின்றனவா என்று தேடுங்கள். கடைசியாக, அவ்விரு கட்டங்களிலும் உங்கள் காயை வெட்டவோ, இடையில் மறிக்கவோ எதிராளியின் எந்தக் காயாவது வர முடியுமா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நீண்ட வேலையாகத் தோன்றலாம். ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும் நிலையில் மிச்சமிருக்கும் நேரத்தைச் செலவிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

அரசி இல்லாமல் தொடர் செக் வைக்க முடியுமா?

முடியும். கோட்டையும் குதிரையும் சேர்ந்து செய்யும் ஒரு முறையை ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கு ஜி1 இல் அரசன், டி7 இல் கோட்டை, எஃப்6 இல் குதிரை. கறுப்புக்கு எஃப்8 இல் அரசன், ஏ2 மற்றும் பி2 இல் இரண்டு கோட்டைகள், ஏ3 இல் ஒரு சிப்பாய். கறுப்பு ஏ1 இல் செக் வைத்து ஆட்டத்தை முடிக்கத் தயாராக நிற்கிறது. ஆனால் நகர்த்த வேண்டியது வெள்ளை.

குதிரை எச்7 க்குப் போய்ச் செக் வைக்கிறது. அரசன் ஜி8 க்குப் போனால் குதிரை எஃப்6 க்குத் திரும்பி மீண்டும் செக்; அங்கிருந்து எச்8 க்கு ஓடினால் கோட்டை எச்7 இல் செக்மேட் செய்துவிடும் என்பதால், எஃப்8 க்கே வர வேண்டும். முதல் செக்குக்கு அரசன் ஈ8 க்குப் போய் டி7 கோட்டையைத் தாக்கினால், எஃப்6 க்கு வரும் குதிரை செக்கும் வைத்து அந்தக் கோட்டையையும் காக்கிறது. அப்போதும் அரசனுக்கு எஃப்8 தவிர வேறு கட்டம் இல்லை. குதிரையின் செக்கை இடையில் மறிக்கவும் முடியாது. கறுப்பின் இரண்டு கோட்டைகளும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அமைச்சர் ஒன்றே தனித்துத் தொடர் செக் வைத்த ஆட்டமும் வரலாற்றில் உண்டு. 1872 இல் வியன்னாவில் ஹாம்பேயை எதிர்த்துக் கறுப்புக் காய்களுடன் ஆடிய மைட்னர், ஒன்பதாவது நகர்வில் தன் அரசியைத் தியாகம் செய்து, வெள்ளை அரசனைப் பலகையின் நடுவைத் தாண்டித் தன் பக்கத்துக்கே இழுத்து வந்தார். இறுதியில் அமைச்சர் பி7 இலும் ஏ6 இலும் மாறி மாறிச் செக் வைத்தது. பி7 இல் அதை வெட்டினால் வெள்ளை அரசன் செக்மேட்டில் சிக்குவான் என்பதால் வெட்டவும் முடியவில்லை. பதினெட்டு நகர்வுகளில் சமநிலை. அது முடிவாட்டம் (காய்கள் குறைந்துவிட்ட இறுதிக் கட்டம்) அல்ல என்றாலும், காய் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

எத்தகைய முடிவாட்டங்களில் இந்த வாய்ப்பை அதிகம் எதிர்பார்க்கலாம்?

அரசி முடிவாட்டங்களிலேயே மிக அதிகம். வெட்ட வெளியில் நிற்கும் அரசனை ஓர் அரசி எல்லாத் திசைகளிலிருந்தும் தாக்கலாம் என்பதே காரணம். அரசியும் ஒரு சிப்பாயும் ஒரு பக்கம், அரசி மட்டும் மறுபக்கம் என்ற முடிவாட்டத்தில், காப்பவரின் முழு நம்பிக்கையும் தொடர் செக்கில்தான் தங்கியிருக்கும். அங்கே காப்பவரின் சொந்த அரசன் எங்கே நிற்கிறான் என்பது பலர் கவனிக்காத, ஆனால் முடிவைத் தீர்மானிக்கும் விடயம். ஓரத்துச் சிப்பாய் எச்8 இல் அரசியாக முயன்றால், காக்கும் அரசன் பொதுவாக அதற்கு நேர் எதிரான ஏ1 மூலைப் பக்கம் நிற்பது நல்லது. அவன் சண்டைக்கு அருகில் நின்றால், எதிராளி தன் அரசியால் செக்கை மறிக்கும்போதே எதிர்ச் செக்கும் வைத்து அரசிகளை மாற்றிவிட வழி பிறந்துவிடும்.

கோட்டை முடிவாட்டங்களில் அரசனுக்கு ஒளிய இடம் கிடைப்பது எளிது; ஆனாலும் ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும் ஆட்டங்களைக் காப்பாற்றும் அடிப்படை முறை ஒன்று செக்குகளில்தான் முடிகிறது. 18 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோரின் பெயரால் அழைக்கப்படும் நிலை அது. வெள்ளைக்கு டி5 இல் அரசன், ஈ5 இல் சிப்பாய், எச்7 இல் கோட்டை. கறுப்புக்கு ஈ8 இல் அரசன், ஏ6 இல் கோட்டை. கறுப்பின் கோட்டை ஆறாவது வரிசையை விட்டு அசையாமல் வெள்ளை அரசனை முன்னேற விடாது தடுக்கிறது. சிப்பாய் ஈ6 க்கு நகர்ந்த அந்தக் கணமே கோட்டை ஏ1 க்குப் போய்விட வேண்டும். அதன் பின் வெள்ளை அரசன் டி6 க்கு வந்தால் டி1 இல் செக், ஈ5 க்குப் போனால் ஈ1 இல் செக் என்று பின்னாலிருந்து செக்குகள் வந்துகொண்டே இருக்கும். முன்பு சிப்பாய்க்கு முன்னால் இருந்த ஆறாவது வரிசை மறைவிடத்தை அந்தச் சிப்பாயே எடுத்துக்கொண்டதால், அரசனுக்கு ஒதுங்க இடமில்லை. கோட்டையைத் தூரத்தில் வைத்திருப்பதே இங்கு உயிர்நாடி.

சிப்பாய்கள் மட்டும் உள்ள முடிவாட்டத்தில் இந்த வழி இல்லை.

பெரிய ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே இப்படித் தப்பியிருக்கிறார்களா?

இரண்டு ஆட்டங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1952 இல் ஸ்டொக்ஹோமில் நடந்த போட்டியில் உன்சிக்கருக்கு எதிராகக் கறுப்புக் காய்களுடன் ஆடிய அவெர்பாக், சி7 வரை முன்னேறிவிட்ட வெள்ளைச் சிப்பாய்க்காக ஒரு கோட்டையை இழந்தே ஆக வேண்டிய நிலையில் இருந்தார். அவர் காத்திருக்கவில்லை. கோட்டையால் தானே அந்தச் சிப்பாயை வெட்டினார். வெள்ளை அரசி கோட்டையை வெட்டியதும், குதிரையை ஜி4 இல் வைத்து, எச்2 இல் செக்மேட் செய்வதாக மிரட்டினார். எச் வரிசைச் சிப்பாய் குதிரையை வெட்டினால் வெள்ளை அரசனின் மறைப்புத் திறந்துவிடும். பிறகு கறுப்பு அரசி எஃப்2, எச்4 என்ற இரண்டு கட்டங்களிலிருந்து மாறி மாறிச் செக் வைக்கும். எப்படியும் இழக்கவிருந்த கோட்டையை, தானே தேர்ந்த நேரத்தில் கொடுத்ததுதான் அந்த ஆட்டத்தின் அழகு. முடிவாட்ட ஆய்வில் உலகம் முழுவதும் மதிக்கப்பட்ட அவெர்பாக் 2022 இல் நூறு வயது நிறைந்த பின் காலமானார்.

மற்றையது 1963-64 அமெரிக்க வெற்றியாளர் போட்டியில், ஃபிஷர் பதினொரு ஆட்டங்களிலும் வென்ற அதே போட்டியில், லாரி எவன்ஸ் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக ஆடியது. எவன்ஸ் தோற்றுக்கொண்டிருந்தார். தன் எச் வரிசைச் சிப்பாயை எச்4 க்குத் தள்ளி, அரசனை எச்1 மூலைக்குக் கொண்டுபோய், செக் இல்லாமலே தன் காய்கள் எதுவும் நகர முடியாமல் ஆட்டம் சமநிலையாகும் ஸ்டேல்மேட் நிலையை மெல்ல உருவாக்கினார். ரெஷெவ்ஸ்கி ஜி3 சிப்பாயை அரசியால் வெட்டிய உடனே, எவன்ஸ் அரசியை ஜி8 இல் செக்காகத் தியாகம் செய்தார்; அதன் பின் கோட்டையால் ஜி7 ஐ வெட்டிச் செக் வைத்தார். அந்தக் கோட்டையை அரசன் வெட்டினால் ஸ்டேல்மேட். வெட்டாமல் விலகினால், ஏழாவது வரிசையில் அது விடாமல் செக் வைத்துக்கொண்டே தொடரும். எப்படிப் பார்த்தாலும் சமநிலை.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள்: தொடர் செக் தற்செயலாக வந்து விழவில்லை. தோற்றுக்கொண்டிருப்பவர் பல நகர்வுகளுக்கு முன்பே எதிரி அரசனையும் தன் அரசனையும் பார்த்து அதற்கான இடத்தைத் தயார் செய்திருக்கிறார்.

நிலைமை மிக மோசமாக இருக்கும்போது தோல்வியை ஒப்புக்கொள்வதுதானே மரியாதை?

எதிராளியை மதிப்பது நல்ல பண்பு. ஆனால் தேடிப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது எதிராளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பலகையில் உள்ளதைப் பார்க்க மறுப்பதே ஆகும். 1997 மே 4 ஆம் திகதி நியூயோர்க்கில், டீப் ப்ளூ கணினிக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், அன்றைய உலக வெற்றியாளர் காஸ்பரோவ் 45 ஆவது நகர்வுக்குப் பின் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் விட்டுச் சென்ற நிலையில் அரசியை ஈ3 க்கு நகர்த்தித் தொடர் செக் தேடியிருக்கலாம் என்று அடுத்த நாளே அவருக்கு எடுத்துக் காட்டப்பட்டது. கணினி அப்படியொரு வழியை விட்டிருக்காது என்ற நம்பிக்கையே அவரைத் தேடவிடாமல் செய்தது. அந்தத் தொடரை அவர் 2.5 இற்கு 3.5 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இழந்தார்.

நம் பிள்ளைகளில் சிலர் சதுரங்கத் தரப் புள்ளி (ரேட்டிங்) கூடிய எதிராளியைக் கண்டாலே இதைத்தான் செய்கிறார்கள். அவர் வைத்த காய் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணி, கையை நீட்டிவிடுகிறார்கள். எதிரி அரசனைச் சுற்றியுள்ள கட்டங்களை ஒரு தடவையாவது எண்ணாமல் யாரும் கைகொடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

போட்டியில் சமநிலையை எப்படிக் கோர வேண்டும்?

இந்த இடத்தில் நடைமுறை தெரியாமல் அரைப் புள்ளியை இழப்பவர்கள் உண்டு. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் கொடுத்த அரசி உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை அரசி ஈ8 க்கு வந்த நிலை, முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது நகர்வுகளின் பின் தோன்றும். ஐந்தாவது நகர்வை ஆடினால்தான் மூன்றாவது தோற்றம் வருகிறது. ஆகவே வெள்ளை அந்த நகர்வைப் பலகையில் ஆடக்கூடாது. தன் பதிவுத் தாளில் அதை எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்து, இந்த நகர்வை ஆடப் போகிறேன், இதனால் இந்த நிலை மூன்றாவது தடவை தோன்றுகிறது என்று அறிவிக்க வேண்டும். எழுதிய நகர்வை அதன் பின் மாற்ற முடியாது. காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கான கோரும் உரிமை போய்விடும். எதிராளியின் நகர்வினால் மூன்றாவது தோற்றம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால், நகர்வு எதுவும் எழுதாமலே உங்கள் முறையில் கோரலாம்.

கோரிக்கை சரியென்றால் ஆட்டம் உடனே முடியும். தவறென்றால் எதிராளியின் நேரத்தில் இரண்டு நிமிடங்கள் கூட்டப்பட்டு ஆட்டம் தொடரும். எனவே பயந்து கோராமல் விடுவதைவிட, எண்ணிப் பார்த்துக் கோருவதே மேல்.

கொழும்பில் நடக்கும் போட்டிகளில் நடுவர் பெரும்பாலும் தமிழ் அறியாதவராக இருக்கலாம். தமிழ் மொழிமூலம் கற்கும் பிள்ளைகள் சிலர், சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் தயங்கி ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுகிறார்கள். இதற்கு நீண்ட வாக்கியம் தேவையில்லை. கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடுவர் வந்ததும் "த்ரீஃபோல்ட் ரெப்பிட்டிஷன்" என்று சொல்லித் தாளைக் காட்டினால் போதும். தாளில் உள்ள நகர்வுகள் எல்லா மொழியினருக்கும் பொதுவானவை. தாள் தெளிவாக, ஒரு நகர்வும் விடுபடாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் பெற்றோரும் பயிற்சியாளரும் முன்கூட்டியே வலியுறுத்த வேண்டும். நடுவரிடம் கேள்வி கேட்பது குற்றமல்ல என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வெட்கத்தினால் இழக்கும் புள்ளி மிகவும் வருத்தம் தருவது.

நானும் கோரவில்லை, எதிராளியும் கோரவில்லை என்றால் என்ன நடக்கும்?

ஒரே நிலை ஐந்து தடவை தோன்றினால், யாரும் கோராவிட்டாலும் ஆட்டம் சமநிலையாகும். சிப்பாய் நகர்வோ வெட்டோ இல்லாமல் இரு தரப்பும் 75 நகர்வுகள் ஆடினாலும் அப்படியே, கடைசி நகர்வு செக்மேட் ஆக இல்லாத வரை. இவை 2014 இல் விதிகளில் சேர்க்கப்பட்டவை.

விரைவு ஆட்டங்களிலும் ஒன்லைனிலும் இதே முறைதானா?

விதி அதுவே, நிரூபிப்பதுதான் கடினம். விரைவு ஆட்டங்களில் நகர்வுகளை எழுதும் கடமை இல்லாததால், செக்குகள் மீளத் தொடங்கியதுமே நடுவரை மேசைக்கு அழைத்து, அவர் முன்னிலையில் நகர்வுகளைத் தொடர்வது பயனளிக்கும். ஒன்லைன் தளங்களில் சில மூன்றாவது தோற்றத்திலேயே ஆட்டத்தை நிறுத்திவிடும். சிலவற்றில் நீங்களே பொத்தானை அழுத்திக் கோர வேண்டும். நீங்கள் ஆடும் தளத்தின் அமைப்புகளை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

நான் வெல்லும் பக்கத்தில் இருந்தால் தொடர் செக்கைத் தவிர்ப்பது எப்படி?

சிப்பாயை ஓட விடுவதற்கு முன் அரசனுக்கு ஒளியும் இடத்தைத் தேடுங்கள். அரசி முடிவாட்டத்தில், செக்கை மறிக்கும்போதே உங்கள் அரசி எதிரி அரசனுக்குச் செக் வைக்கும் எதிர்ச் செக் மிக வலிமையான ஆயுதம். அதற்காகவே உங்கள் அரசனை எதிரி அரசனோடு ஒரே வரிசையிலோ, நெடுவரிசையிலோ, மூலைவிட்டத்திலோ நிறுத்துவது உதவும். உங்கள் அரசி பலகையின் நடுவில் நின்றால், எதிராளியின் செக் கட்டங்கள் பல தாமாகவே மறைந்துவிடும். மிகுதியாக உள்ள சிப்பாய்களில் ஒன்றைக் கொடுத்தாவது அரசிகளை மாற்றிக்கொள்ள முடியுமானால் தயங்க வேண்டாம். ஏ2 இல் ஒரு சிப்பாய் நிற்கிறது என்ற மகிழ்ச்சியில் ஜி8 இல் நிற்கும் அரசனை மறப்பதுதான் இந்தப் பக்கத்தின் வழமையான தவறு.

தோற்க வேண்டியவர் இப்படித் தப்புவது நியாயமா?

சில பெற்றோர் இதைக் கவலையோடு கேட்கிறார்கள். பிள்ளை குறுக்கு வழியில் புள்ளி பெற்றதாக நினைக்கிறார்கள். சதுரங்கத்தை ஒத்த மற்றைய ஆட்டங்கள் இதற்கு வேறு விடைகள் தந்திருக்கின்றன என்பது உண்மைதான். ஜப்பானியரின் ஷோகியில், செக்குகளாலேயே ஒரே நிலையை மீண்டும் மீண்டும் கொண்டுவருபவர் ஆட்டத்தை இழக்கிறார். சீனரின் சியாங்சியிலும் தொடர் செக் வைப்பவரே வேறு நகர்வுக்கு மாற வேண்டும். நமது சதுரங்கம் அப்படி வகுக்கவில்லை. அரசனைப் பாதுகாப்பது இங்கு வெற்றியின் ஒரு பகுதி. அதைச் செய்யாமல் காய்களை மட்டும் சேர்த்தவர் இன்னும் வெல்லவில்லை. அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் அரைப் புள்ளியை உழைத்தே பெற்றிருக்கிறார்.

வீட்டில் எப்படிப் பயிற்சி செய்யலாம்?

முதல் உதாரணத்தின் நிலையைப் பலகையில் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காயை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஜி7 சிப்பாயை எடுத்துவிட்டால் ஈ8 செக்குக்கு அரசன் ஜி7 வழியே வெளியேறுகிறான். அப்போது வெள்ளை எந்தச் செக்கைத் தேட வேண்டும்? வெள்ளை அரசியை ஈ5 இலும், கறுப்பு அரசியை சி1 இலும் வைத்தால், எச்5 செக்குக்குக் கறுப்பு எச்6 இல் மறித்துவிடுகிறது. அதைத் தவிர்க்க வேறு ஒழுங்கு உண்டா? கறுப்பின் ஏ2 சிப்பாய்க்குப் பதிலாக எஃப்7 இல் ஒரு சிப்பாய் இருந்தால் அரசனின் எந்தக் கட்டம் அடைபடுகிறது, வெள்ளை அரசியின் எந்தப் பாதை அடைபடுகிறது? இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் செக் வைப்பவராகவும் மற்றவர் தப்புபவராகவும் ஆடிவிட்டு, பின்னர் பக்கம் மாறி அதே நிலையை ஆட வேண்டும். கணினியின் மதிப்பீட்டை இருவரும் ஆடி முடித்த பிறகே திறந்து பாருங்கள்.